பின்னாடி ஏறிப் பாருங்க, தம்பி!

ராஜபாளையத்துக்காரர்களுக்கு ஒரு கண் உண்டு. ஜாதி நாய் பார்க்கிற கண். இடுப்பு ஒடுங்கியிருக்கா, நெஞ்சு இறங்கியிருக்கா, பின்னங்கால் வாகாக நிற்குதா என்று ஒரே பார்வையில் எடை போட்டுவிடுவார்கள். அதே கண்ணால் மோட்டார் சைக்கிளையும் பார்ப்பதுதான் வம்பு.

பஞ்சு மார்க்கெட் பக்கம் ஒரு கால் மணி நேரம் சும்மா நில்லுங்கள். முன்பக்கம் குனிந்து, பின்பக்கம் கூரைக்குத் தாவப் போகிற பூனை மாதிரி தூக்கிக்கொண்டு நாலு வண்டியாவது போகும. கம்பெனி அப்படிக் கொடுக்கவில்லை ஸார். வாங்கின ஆறாம் மாசம் இவர்களாகச் செய்துகொண்ட அலங்காரம். சொந்த வண்டியின் பின் ஷாக் அப்ஸார்பரைக் கழற்றிப் பரணில் போட்டுவிட்டு, வேறொரு பெரிய வண்டியின் ஷாக்கை மாட்டிவிடுவது.

(ஷாக் அப்ஸார்பர் என்று முழுசாக உச்சரித்தால் பட்டறையில் உங்களை வெளியூர் என்று முடிவு கட்டிவிடுவார்கள். 'ஷாக்கப்ஸர்' என்று சொல்லவேண்டும். அவசரத்துக்கு வெறும் 'ஷாக்கு'.)

என் ஆபீஸில் பக்கத்து மேஜைக்காரர் ஒருத்தர். வயசு முப்பதுக்குள். வீடு ஸ்ரீவில்லிபுத்தூரில், ரத வீதிக்குப் பின்னால் ஒரு சந்து. ஆபீஸ் ராஜபாளையம். நடுவில் 11 கிலோமீட்டர் சொச்சம். மனைவிக்கு ராஜபாளையத்திலேயே ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சர் வேலை. காலையில் அவரை ஏற்றிவந்து இறக்கிவிட்டு ஆபீஸ் வருவார். சாயந்திரம் ஏற்றிக்கொண்டு போவார். வண்டி 100 சி.சி. குடித்த பெட்ரோலுக்கு ஒழுங்காகக் கணக்குச் சொல்கிற சமர்த்து வண்டி.

ஒரு நாள் பழைய சாமான் கடையில் 150 சி.சி. வண்டி ஒன்றின் கேஸ் ஷாக் ஒரு ஜோடியைப் பார்த்துவிட்டார். பக்கத்தில் குட்டியாக ஒரு டப்பா ஒட்டிக்கொண்டு, பளபளவென்று... பால்கோவாக் கடைக் கண்ணாடி முன்னால் பள்ளிக்கூடப் பையன் நிற்பானே, அப்படி நின்றுவிட்டார்.

"அண்ணாச்சி, கேஸ் ஷாக்கு! பஞ்சு மாதிரி இருக்குமாம்!" என்றார் என்னிடம்.

தெருவுக்குத் தெரு ஸ்பின்னிங் மில் பேச்சு கேட்கிற ஊரில் பஞ்சை இரும்புக் கடையில் தேடுகிறாரே என்று நினைத்துக்கொண்டேன். சொல்லவில்லை. சொன்னாலும் கேட்கிற முகம் இல்லை அது.

மாட்டினார்கள். மேல் போல்ட் சரியாக உட்கார்ந்தது. கீழ்க் கண்ணின் துவாரம் கொஞ்சம் பெரிசு. 'வாஷர் போட்டுக்கலாம்' என்றான் மாட்டிய பையன். இடது பக்கம் அந்தக் குட்டி டப்பா சாரி கார்டில் இடித்தது. 'இதை எடுத்துடலாம், இப்பல்லாம் யார் இதை வச்சுக்கறா?' என்றான் அதே பையன். எடுத்தாயிற்று.

மறுநாளிலிருந்து வண்டி ஆளே மாறிவிட்டது. நடு ஸ்டாண்டு போட்டால் பின் சக்கரம் தரையை விட்டு எழும்ப மாட்டேன் என்றது. சைடு ஸ்டாண்டு போட்டால், கல்யாண வீட்டுத் திண்ணையில் சாப்பாட்டுக்கு அப்புறம் கண்ணசருகிற பெரியவர் மாதிரி அபாயமாகச் சாய்ந்தது. ராத்திரியில் ஹெட்லைட் ரோட்டை விட்டுவிட்டுத் தன் முன் சக்கரத்தையே பார்த்துக்கொண்டு வந்தது. டீச்சர் அதில் ஏறுவது கோயில் யானை மேல் ஏறுகிற மாதிரி. நண்பருக்கோ பரம சந்தோஷம். "வளைவுல சும்மா பறக்குது அண்ணாச்சி!"

மூன்றாவது வாரம், பாதி வழியில் ஒரு வேகத்தடை. வண்டி எகிறியதில் டீச்சர் பிடி விட்டு நகர, சேலைத் தலைப்பு சக்கரத்துக்குள் போய்விட்டது. தடைக்காக வேகத்தைக் குறைத்திருந்த நேரம். ஆரைக்கம்பி இரண்டு சுற்றுச் சுற்றுவதற்குள் வண்டி நின்றுவிட்டது. டீச்சருக்கு முழங்கையில் சிராய்ப்பு. சேலை இரண்டு முழம் நார் நார். அதே வண்டி அறுபதில் போயிருந்தால் நான் இந்தப் பக்கத்தில் வேறு ஏதாவது எழுதிக்கொண்டிருப்பேன். இதை எழுத மனசு வந்திருக்காது.

அன்றிலிருந்து டீச்சர் பஸ்.

"சேலைக்குப் பயப்படறா. சுடிதார் போட்டுக்கன்னு சொல்லிட்டேன்" என்றார் நண்பர். பிரச்னை தீர்ந்தது என்று நினைத்தார். சுடிதார் போட்டுக்கொண்டும் டீச்சர் பஸ்ஸில்தான் போனார். ஒரு ராத்திரி கிண்டிக் கிளறிக் கேட்டதற்குச் சொன்னாராம்: "சேலை பயமெல்லாம் இல்லைங்க. உக்கார முடியலை. நாள் பூரா கிளாஸ்ல நின்னுட்டு வந்து, இதுல உக்காந்தா இடுப்பு விட்டுப் போகுது. நீங்க ஆசைப்பட்டு மாட்டியிருக்கீங்களேன்னுதான்..."

இந்த இடத்தில் கதையை நிறுத்திவிட்டு வில் வண்டியைப் பற்றிக் கொஞ்சம் பேசவேண்டும்.

அந்தக் காலத்துப் பண்ணையார் வீட்டில் இரண்டு வண்டி இருக்கும். நெல் மூட்டை ஏற்றக் கட்டை வண்டி. வீட்டுப் பெண்கள் கோயிலுக்குப் போக வில் வண்டி. அச்சுக்கும் கூண்டுக்கும் நடுவில் இரும்புப் பட்டைகளை ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கி வளைத்து வைத்திருப்பார்கள். வில்! ஸ்பிரிங்குக்குத் தமிழன் வைத்த பேர் எவ்வளவு பொருத்தம் பாருங்கள். அந்தப் பட்டைகள் ஒன்றோடொன்று உரசுவதால் ஆட்டம் தானாகவே அடங்கும். அதனால்தான் பாட்டி வெற்றிலைப் பெட்டி சிந்தாமல் கோயில் போய்ச் சேர்ந்தார்.

மோட்டார் சைக்கிளில் இருப்பது சுருள் வில். அதில் உரசுவதற்குப் பட்டை இல்லை. ஒரு தடவை அமுக்கிவிட்டால் குதித்துக்கொண்டே இருக்கும். அதை அடக்க உள்ளே ஒரு குழாய், அதில் எண்ணெய், நடுவே துளை போட்ட பிஸ்டன். வில் அமுங்கி விரியும்போது எண்ணெய் சின்னத் துளை வழியாக முக்கி முனகி நுழையவேண்டும். ஆட்டம் அங்கே சூடாக மாறிக் காணாமல் போகும். ஆக, கனத்தைத் தாங்குவது வில், ஆட்டத்தை அடக்குவது எண்ணெய். கேஸ் ஷாக்கில் இருக்கும் நைட்ரஜன் பஞ்சு மெத்தை அல்ல. எண்ணெய் நுரைத்துப் போகாமல் அழுத்திப் பிடித்துக்கொள்கிற காவல்காரன், அவ்வளவுதான். மலிவுச் சரக்கு சிலதில் டப்பா வெறும் நகைதான், உள்ளே காவல்காரனே கிடையாது.

முதலில் மோட்டார் சைக்கிள்களுக்குப் பின் பக்கம் இந்த வசதியே கிடையாது. பின் சக்கரம் சட்டத்தோடு இறுகியிருக்கும், சீட்டுக்கு அடியில் மட்டும் ஸ்பிரிங். நம் ஊர் மைனர்களின் புல்லட் இருக்கிறதே, இங்கிலாந்தில் ராயல் என்ஃபீல்டு அதைப் பின் சக்கரம் மேலும் கீழும் ஆடுகிற ஸ்விங் ஆர்மோடு 1949-ல் விற்பனைக்குக் கொண்டுவந்தபோது அது பெரிய புதுமை. சென்னையில் என்ஃபீல்டு இந்தியா 1955-ல் தொடங்கி, அந்தப் புல்லட் நம் வீட்டுப் பிள்ளை ஆனது. பின் சீட்டில் இன்னொரு மனுஷர் கௌரவமாக உட்கார்ந்து போகலாம் என்கிற நிலைமை வந்ததற்கு இந்த இரண்டு ஷாக்குகளும் ஒரு காரணம்.

அந்த ஸ்விங் ஆர்மில்தான் சூட்சுமம். வீட்டில் பாக்குவெட்டி இருக்கிறதா? எடுத்துப் பாருங்கள். கீல் பக்கத்தில் பாக்கை வைத்தால் சுலபமாக நசுங்கும். நுனிப் பக்கம் தள்ளி வைத்தால் மல்லுக் கட்டவேண்டும். ஸ்விங் ஆர்ம் ஒரு பெரிய பாக்குவெட்டி. கீல் வண்டிச் சட்டத்தில், நுனியில் சக்கரம், நடுவில் நசுங்குகிற பாக்கு உங்கள் ஷாக். ஒரு வண்டியில் ஷாக்கைச் சக்கர அச்சுக்குப் பக்கத்திலேயே மாட்டியிருப்பான். இன்னொன்றில் கீலிலிருந்து முக்கால் தூரத்தில் மாட்டியிருப்பான். அதே வில்லைத்தான் மாட்டுகிறீர்கள். ஆனால் முக்கால் தூரத்தில் மாட்டினால் சக்கரத்துக்குக் கிடைக்கிற பலம் முக்காலில் முக்கால், அதாவது பாதிக்குக் கொஞ்சம் மேல். ஒரு வண்டியில் வாகாக இருந்த ஷாக், அடுத்த வண்டியில் கட்டையாகவோ தொளதொளவென்றோ ஆவது இதனால்.

இன்னொரு கணக்கும் இருக்கிறது. சுருள் வில்லின் விறைப்பு கம்பியின் தடிமனுக்கு நாலாம் அடுக்கில் ஏறும். கம்பி பத்தில் ஒரு பங்கு தடித்தால் வில் ஏறக்குறைய ஒன்றரை மடங்கு விறைத்துக்கொள்ளும். பத்தில் ஒரு பங்கு வித்தியாசம் கண்ணுக்கா தெரியப் போகிறது? 'ரெண்டும் ஒண்ணுதான் ஸார்' என்று கடைக்காரர் அடித்துச் சொல்வது பொய்யில்லை. அவர் கண்ணுக்கு ஒண்ணுதான்.

100 சி.சி. ஸ்ப்ளெண்டர் சுமார் 110 கிலோ. பல்சர் 150 என்றால் 140-ஐத் தாண்டும். புல்லட் 350 என்றால் 170-க்கும் மேல். கனமான வண்டிக்கு என்று செய்த வில்லை லேசான வண்டியில் மாட்டினால் அது அமுங்கவே அமுங்காது. ரோட்டில் இருக்கிற குழியை அப்படியே பொட்டலம் கட்டி மேலே அனுப்பிவிடும்.

யாருக்கு அனுப்பும் என்பதுதான் கேள்வி.

நண்பர் கடைசியில் போய்ச் சேர்ந்த இடம் மடவார்வளாகம் பக்கம் ஒரு பழைய பட்டறை. நானும் கூடப் போயிருந்தேன். மெக்கானிக்குக்கு அறுபது வயசு இருக்கும். வண்டியைச் சுற்றி ஒரு தடவை வந்தார். வாஷரைப் பார்த்தார். சாரி கார்டு இருந்த இடத்தைப் பார்த்தார்.

"ஓட்ட எப்படி இருக்கு?"

"சூப்பரா இருக்குண்ணே."

"சாவியைக் குடுங்க. நான் ஓட்டறேன். பின்னாடி ஏறிப் பாருங்க, தம்பி."

நண்பர் காலைத் தூக்கிப் போட்டு ஏறப் போனார்.

"அப்படி இல்லை. ஒரு பக்கமா உக்காருங்க. டீச்சரம்மா அப்படித்தானே வந்தாங்க?"

பேண்ட் சட்டை போட்ட ஆண்பிள்ளை ஒருத்தர் நடுப்பகலில் ஸ்ரீவில்லிபுத்தூர் கடைவீதியில் ஒரு பக்கமாகக் கால் போட்டுக்கொண்டு போவது சாதாரணக் காட்சி இல்லை. டீக்கடை பெஞ்சு முழுக்க எழுந்து நின்றது. பெரியவர் எதையும் கவனிக்காமல் ராஜபாளையம் ரோட்டில் விட்டார். ஒரு வேகத்தடை, ஒரு தோண்டி மூடின பள்ளம் விடவில்லை போலிருக்கிறது. பத்து நிமிஷம் கழித்துத் திரும்பி வந்தார்கள். நண்பர் இறங்கி இடுப்பில் கை வைத்துக்கொண்டு சும்மா நின்றார். சிரிக்கலாம் என்று இருந்த நான் அவர் முகத்தைப் பார்த்துவிட்டுச் சிரிக்கவில்லை.

"இதுலயாண்ணே தினம் 22 கிலோமீட்டர் வந்துட்டிருந்தா?"

"என்னைக் கேட்டா? வீட்டுல போய்க் கேளுங்க."

விஷயம் இவ்வளவுதான். ஓட்டுகிறவர் உட்காருவது இரண்டு சக்கரத்துக்கும் நடுவில். பின் சக்கரம் இரண்டு அங்குலம் எகிறினால் அவருக்கு ஓர் அங்குலத்துக்குச் சற்று மேலே வரும். பின்னால் இருப்பவர் உட்காருவது கிட்டத்தட்ட அந்தச் சக்கரத்துக்கு நேர் மேலே. இரண்டு அங்குலமும் அவருக்கே. ஓட்டுகிறவருக்குப் பிடிக்க ஹேண்டில்பார், ஊன்ற இரண்டு பக்கமும் கால்மிதி, பள்ளம் வருவதை முன்கூட்டிப் பார்க்கிற வசதி. ஒரு பக்கமாக உட்கார்ந்திருக்கும் பெண்ணுக்கு ஒரு கம்பியும் ஒரு மிதியும்தான். பள்ளம் வருவதும் தெரியாது. 'சூப்பரா இருக்கு' என்று நண்பர் சொன்னது சத்தியம். அவர் சீட்டில் சூப்பராகத்தான் இருந்தது.

பெரியவர் டேப் வைத்து அளந்து காட்டினார். புது ஷாக், பழசைவிட ஒன்றரை அங்குலம் நீளம். இந்த வண்டியில் ஷாக் மாட்டியிருப்பது முக்கால் தூரத்தில். அதனால் சக்கரத்தில் அது இரண்டு அங்குலம். சக்கரத்துக்குச் சக்கரம் 1.2 மீட்டர் சொச்சம் உள்ள வண்டியில் பின்பக்கம் அவ்வளவு தூக்கினால் முன் ஃபோர்க் 2 டிகிரிக்கு மேல் நிமிர்ந்துவிடும். ஹேண்டில் லேசாகி, தொட்டாற்சிணுங்கி மாதிரி திரும்பும். நண்பர் 'பறக்குது' என்றாரே, அது இதுதான். ஈரத்திலும் மணலிலும் அந்தப் பறவை எங்கே இறங்கும் என்று சொல்ல முடியாது. செயின் சங்கதியும் கெட்டிருந்தது. சும்மா நிற்கும்போது தொய்வு சரியாகத் தெரிகிறது. ஆள் ஏறி ஸ்விங் ஆர்ம் நிமிர்ந்ததும் செயின் விண்ணென்று இழுத்துக்கொள்கிறது. ஆளை ஏற்றிவிட்டுத்தான் பார்க்கவேண்டும் என்று பையனுக்கு யாரும் சொல்லித் தரவில்லை.

"பழைய ஷாக்குல என்ன குறை?" என்று கேட்டார்.

"கொஞ்சம் தூக்கித் தூக்கிப் போட்டுச்சுண்ணே."

பழசைக் கொண்டுவரச் சொன்னார். எண்ணெய்க் கசிவு இல்லை. மாட்டி, சீட்டை அமுக்கிவிட்டார். எழுந்து, ஒரு தடவையில் அடங்கியது. இரண்டு மூன்று தடவை ஊஞ்சலாடினால்தான் ஷாக் போய்விட்டது என்று அர்த்தம். பிறகு டயரில் காற்றுப் பார்த்தார். வேண்டியதைவிட ரொம்ப அதிகம். மைலேஜ் கிடைக்கும் என்று யாரோ சொல்ல, நண்பர் மாசக்கணக்கில் கல்லு மாதிரி அடித்து ஓட்டியிருக்கிறார். காற்றைக் குறைத்ததிலேயே பாதி தூக்கல் தீர்ந்துபோனது. ஷாக் ஜோடியின் விலையோடு ஒப்பிட்டால் காற்றின் விலை... விடுங்கள்.

இதற்காக ஷாக் மாற்றுவதே பாவம் என்று நான் சொல்லவில்லை. யமஹா ஆர்.எக்ஸ். 100 உற்பத்தி 1996-ல் நின்றுபோனது. சுஸூகியும் டி.வி.எஸ்.ஸும் 2001-ல் பிரிந்தன. அந்தக் காலத்து வண்டியை இன்னும் பிள்ளை மாதிரி வைத்துக்கொண்டிருப்பவர்கள் எத்தனை பேர்! கம்பெனி ஷாக் கிடைக்காதபோது வேறு வண்டியினுடையதைத் தேடத்தான் வேண்டும். மாட்டுகிறவர்கள் ஒழுங்காக மாட்டட்டும். கண்ணு மையத்திலிருந்து கண்ணு மையம் வரை நீளம் பழசோடு ஒத்துப் போகவேண்டும். புஷ்ஷின் துவாரமும் போல்ட்டும் ஒட்டி உட்காரவேண்டும். வாஷர் பக்கவாட்டு இடைவெளியை அடைக்கும், துவாரத்தின் தளர்ச்சியை அடைக்காது. அதற்கு லேத்தில் ஸ்லீவ் கடைந்து போடவேண்டும், இல்லாவிட்டால் போல்ட் ஆடி ஆடி ஒரு நாள் அறுந்துவிடும். கீழே சில ஷாக்குக்குக் கண்ணு, சிலதுக்குக் கவட்டை. கவட்டையைக் கண்ணாக்குகிற வெல்டிங் வேலை மட்டும் வேண்டவே வேண்டாம். ஒரு பக்கம் பழசு, ஒரு பக்கம் புதுசு என்றும் கூடாது. ஸ்விங் ஆர்ம் முறுக்கிக்கொள்ளும்.

விறைப்பு சரியா என்று பார்க்க வீட்டிலேயே ஒரு வழி. சக்கர அச்சிலிருந்து நேர் மேலே சீட்டு ஓரம் வரை ஓர் அளவு எடுங்கள், சக்கரம் அந்தரத்தில் தொங்கும்போது. அப்புறம் நீங்கள் ஏறி உட்கார்ந்த பிறகு எடுங்கள். சாதாரண வண்டியில் சக்கரம் ஆடுகிற மொத்தத் தூரம் 8 முதல் 10 சென்டிமீட்டர். அதில் கால் பங்கிலிருந்து மூன்றில் ஒரு பங்கு வரை இறங்கினால் சரி. இறங்கவே இல்லை என்றால் அது உங்கள் வண்டிக்கான வில் இல்லை. அடியில் இருக்கிற காடியைத் திருகி 'ஒரு பாயிண்ட் ஏத்துறது' வில்லை விறைப்பாக்காது. வண்டியைக் கொஞ்சம் தூக்கி நிறுத்தும், அவ்வளவே. பின்னால் ஆள் ஏறினால் ஏற்றிக்கொள்ளவும், தனியாகப் போனால் இறக்கிக்கொள்ளவும்தான் அதைக் கொடுத்திருக்கிறார்கள். வாங்கின நாளிலிருந்து அதைத் தொடாதவர்கள்தான் அதிகம்.

சட்டமா? மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவு, கம்பெனி கொடுத்த அமைப்பைச் சொந்தக்காரர் இஷ்டத்துக்கு மாற்றுவதைத் தடுக்கிறது. உச்ச நீதிமன்றமும் 2019 ஜனவரியில் அதை அழுத்திச் சொன்னது. ஆர்.சி. புத்தகத்தில் ஷாக் நீளம் எழுதியிருக்காது, வாஸ்தவம். ஆனால் பின்னால் உட்காருபவருக்குக் கைப்பிடி, கால்மிதி, துணி சிக்காமல் பின் சக்கரத்தில் பாதியாவது மூடுகிற தடுப்பு, இந்த மூன்றும் இருக்கவேண்டும் என்று 1989-ம் வருஷத்து மத்திய மோட்டார் வாகன விதிகளில் 123-வது விதி தெளிவாகவே இருக்கிறது. அந்தப் பையன் 'யார் வச்சுக்கறா' என்று ஸ்பானரால் தட்டி எடுத்தானே, அந்தத் தடுப்பு.

பழைய ஷாக்கும் சாரி கார்டும் திரும்ப ஏறின. டீச்சர் உடனே பஸ்ஸை விட்டுவிடவில்லை. ஒரு வாரம் யோசித்தார். ஒரு திங்கட்கிழமை காலையில் வாசலில் வந்து நின்று, சீட்டைக் கையால் ஒரு தடவை அமுக்கிப் பார்த்துவிட்டு ஏறினாராம். ராஜபாளையம் வந்து இறங்கும்போது நண்பர், "எப்படி இருக்கு?" என்று கேட்டார். இத்தனை வருஷத்தில் அவர் அப்படிக் கேட்பது அதுதான் முதல் தடவை என்று டீச்சர் என் வீட்டில் சொல்லிச் சிரித்தார்.

அந்தக் கேஸ் ஷாக் ஜோடியை நண்பர் வந்த விலைக்குத் தள்ளிவிட்டார். இப்போது முடங்கியார் ரோட்டுப் பக்கம் ஏதோ ஒரு சின்ன வண்டியில் தூக்கிக்கொண்டு ஓடுகிறதாகக் கேள்வி. பின் சீட்டில் யார் என்று தெரியவில்லை.